ஒக்வெனோ வந்துட்டான்

"ஒக்வெனோ வந்துட்டான்டி! படகுத்துறையையே அடைச்சிட்டுக் கிடக்கான்!"

"அடியில கைய விட்டுப் பாரு!"

கொகோலா கரையில் பெண்கள் சிரித்த சிரிப்பு ஏரியின் நடுவரைக்கும் கேட்டது. அங்கே ஓட்டுக் கேட்கப் படகில் வந்துகொண்டிருந்த ஒக்வெனோவின் துடுப்பு அப்படியே நின்றது. அவர் இன்னும் கரையேறவே இல்லை. துறையை அடைத்துக் கிடந்தது காற்று தள்ளிக்கொண்டு வந்த ஆகாயத்தாமரை.

அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த ஏரியில் அந்தச் செடிக்குக் கரைக்கொரு பெயர். சியாமோ கரையில் அதற்கு 'வரிக்காரன்'. வந்தால் லேசில் போகமாட்டான் என்பதால். ஒக்வெனோவின் சொந்தக் கரையில் 'ராபுரு'. தேர்தலில் அவரை எதிர்த்து நிற்கும் ராபுருவின் பெயர்தான்; வைத்தவரும் அவரேதான். ராபுரு கேட்டுவிட்டுச் சிரித்ததோடு சரி. தான் வைத்தால் நியாயம், தனக்கு வைத்தால் அநியாயம் என்பது ஒக்வெனோவின் சட்டம்.

எல்லாக் கரைகளுக்கும் பொதுவான கரைக்குழுத் தலைவர் தேர்தலுக்கு எட்டே நாள். கொகோலா கைவிட்டால் ஆறு வருடப் பதவி போயே போய்விடும்.

கரையில் குதித்தவர் மீன் காயவைக்கும் அச்சோலாவிடம் பாய்ந்தார்.

"எவ வெச்ச பேரு இது?"

"எல்லாரும் சேர்ந்து வெச்சதுதான், தலைவரே."

"புயல்ல உங்க படகெல்லாம் போனப்ப என் படக யாரு குடுத்தா? அதுக்குத்தான் இந்த மரியாதையா?"

"ஆமா தலைவரே, அதுக்குத்தான்..."

"வாய மூடு! நன்றி கெட்ட ஜென்மங்க! இனிமே எவளாவது அந்தப் பேரச் சொன்னா, என்ன மனுஷனா பார்க்கமாட்டீங்க!"

ஓட்டுக் கேட்காமலே திரும்பிவிட்டார்.

மறுநாள் மனைவி அவூர் எவ்வளவோ சொன்னாள். "விடுங்க, காதுல போட்டுக்காதீங்க. நாலு நாள்ல மறந்துடுவாங்க."

"என் பேரு நாறுது, நீ விடுங்கிற!"

படகில் ஒலிபெருக்கி கட்டிக் கரை கரையாகப் போனார். "ஆகாயத்தாமரையை ஒக்வெனோ என்று யாரும் கூப்பிடக் கூடாது! மீறினால் வலை போட அனுமதி கிடையாது!"

அதுவரை ஏழு கரைகளுக்கு அந்தப் பெயரே தெரியாது. சாயங்காலத்துக்குள் ஏழுக்கும் தெரிந்துவிட்டது. சியாமோக்காரர்கள் 'வரிக்காரனை' அன்றே கைவிட்டார்கள். "இந்தப் பேரும் பொருத்தமாத்தான் இருக்கு. ஆறு வருஷமா இவனும் போகலயே!" என்றார்கள்.

வீட்டுக்கு வந்தால் அவூர் வாசலில் நின்றாள். "என்னங்க, நம்ம துறையிலயும் ஒக்வெனோ ஏகத்துக்கு..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஒக்வெனோ உகாலிக் களித் தட்டைத் தள்ளிவிட்டார். "செடி இருந்தாத்தானே பேரு? செடியே இருக்கக் கூடாது!"

விடிந்ததும் இருபது ஆட்களை அரிவாளோடு கொகோலாவுக்குக் கூட்டிப் போனார். அச்சோலா இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையை விரித்து மறித்தாள்.

"வேண்டாம் தலைவரே! சொல்றத ஒரு நிமிஷம் கேளுங்க!"

"அன்னைக்கே கேட்டாச்சு. தள்ளு!"

நாள் முழுக்க வெட்டி, ஒரு இலை பாக்கியில்லாமல் இழுத்துக் கரையில் குவித்தார்கள். கொகோலாவில் ஒருத்தரும் பேசவில்லை. பயந்துவிட்டார்கள் என்று ஒக்வெனோவுக்குப் பரம திருப்தி.

தேர்தல் நாளில் வழக்கம்போல ஆள் பின்னால் வரிசை. யாருக்கு ஓட்டோ அவர் முதுகுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். ஒக்வெனோ பின்னால் அவூரும் அவளுடைய தம்பிகளும் நின்றார்கள். ராபுருவின் வரிசை மீன்சந்தையைத் தாண்டி வளைந்தது. அதில் கொகோலா மொத்தமும் இருந்தது.

ஒக்வெனோ ஓடிப்போய் அச்சோலாவின் முன்னால் நின்று கத்தினார். "என் பேரையும் கெடுத்துட்டு, ஓட்டையும் அவனுக்கே போடுறியா?"

அச்சோலாவுக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. "யாரு கெடுத்தா? திலாப்பியா மீனு அத்துப்போன வருஷம், அந்தச் செடிக்கு அடியில ஒதுங்கின கெளுத்தியப் பிடிச்சுத்தான் எங்க பிள்ளைங்க உசிர் பொழைச்சுது. படகு குடுத்துக் காப்பாத்தினவரு பேரத்தான் வயித்தக் காப்பாத்தின செடிக்கு வெச்சோம். நீங்கதான் வேண்டாம்னு மைக்குல சொல்லி, செடியையும் வெட்டிப் போட்டீங்க."

அச்சோலா ஏரிப் பக்கம் கையைக் காட்டினாள்.

"நேத்துக் காத்துல புதுச்செடி வந்து சேர்ந்திருக்கு, தலைவரே. உங்க கரையில நீங்க வெச்சிருக்கிற பேரையே வெச்சுட்டோம்."