தகப்பனார் தொழில்

"அப்பா எப்பம்மா தவறினாரு?" என்று அவளுடைய படிவத்தைப் பார்த்தபடி மேனேஜர் கேட்டார்.

மனிதவளப் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்து அன்று இரண்டாம் நாள். படிவத்தில் 'தகப்பனார் தொழில்' என்ற கட்டத்தில் 'மறைவு' என்று எழுதியிருந்தாள். அந்தத் தகப்பனார் இதே கம்பெனி குடோனில் பதினெட்டு வருஷமாக மூட்டை தூக்குகிறார். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் அதைச் சொல்ல அவளுக்கு வெட்கம். 'என் பொண்ணுன்னு யார்கிட்டயும் மூச்சு விடாதப்பா' என்று வீட்டிலும் சொல்லிவைத்திருந்தாள்.

"மூணு வருஷம் ஆச்சு சார்."

"போன மாசம் உன் வேலைக்கான ஜாமீன் படிவத்துல கையெழுத்து போட்டிருக்காரே?"

"பதட்டத்துல சொல்லிட்டேன் சார். போன வாரம்தான்."

மேனேஜர் எழுந்தே நின்றுவிட்டார். "ஒரு வாரத்துலயே வேலைக்கு வந்துட்டியா! ஸ்டாஃப் வீட்டுத் துக்கம்னா இங்க ரெண்டு நிமிஷம் மௌனம் உண்டும்மா. நோட்டீஸ் அடிக்கிறது உன் சீட்டு வேலைதான். அடி."

பெற்றவன் சாவை அவளே தட்டச்சு செய்தாள். ஒரு பிழைகூட இல்லை.

"குடோன் ஆளுங்க வேணாம் சார். லாரி நிக்குது."

"ஏன், அவங்க மனுசங்க இல்லையா? முன்வரிசையில நிறுத்தறேன் பாரு."

சொன்னபடியே நிறுத்தினார். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டு, மாவு படிந்த புருவத்தோடு நடுவில் அப்பா.

"நம்ம புது எச்.ஆர். பொண்ணோட தகப்பனார் போன வாரம் காலமாயிட்டாரு. பாவம், நல்ல மனுசன்" என்றார் மேனேஜர், பழகியவர் போல.

எல்லோரும் தலை குனிந்தார்கள். அப்பாவும் குனிந்தார். அவளும் குனிந்து, தரை பிளக்குமா என்று பார்த்தாள். சிமெண்டுத் தரை. எதுவும் நடக்கவில்லை. நேரம் முடிந்து எல்லோரும் நிமிர்ந்தார்கள். அப்பா மட்டும் நிமிராமலே குடோனுக்கு நடந்தார்.

மத்தியானம் வரை அவள் ஒரு ஃபைலையும் திறக்கவில்லை. சாயங்காலம் வீட்டில் அப்பா காலில் விழுந்துவிடலாம் என்று முடிவுசெய்தபோது குடோன் சூப்பர்வைசர் ஒரு தாளோடு உள்ளே வந்தார்.

"மேடம், நம்ம மூட்டை தூக்குற பெரியவர் மூணு நாள் துக்க லீவு கேக்குறாரு. யாருய்யா செத்ததுன்னு கேட்டா, 'நோட்டீஸ் அடிச்ச பொண்ணைப் போய்க் கேளு'ன்றாரு."