கோமதி செத்த அன்றைக்கு

படித்த புத்தகத்தையே திரும்பப் படிப்பவர்களைப் பற்றி உலகத்துக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. நேற்று வைத்த மீன்குழம்பை இன்றைக்குச் சப்புக்கொட்டிச் சாப்பிடுபவர்கள்கூட, "படிச்சதையே எத்தினி வாட்டிதான் படிப்பே?" என்று நம்மைப் பார்த்துக் கேட்பார்கள். நானோ அடுத்து எதைத் திரும்ப எடுக்கலாம் என்று மனசுக்குள் வரிசை போட்டுக்கொண்டிருப்பேன். மழைக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று, மாமியாரோடு மனஸ்தாபம் வந்தால் ஒன்று. (அட்டை முதலில் கிழிந்தது கடைசியாகச் சொன்ன புத்தகத்துக்குத்தான்.)

எழுபதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணம் ஆகி ஒடுகத்தூருக்கு வந்தேன். வீட்டுக்காரர் அந்த வருஷம்தான் முதன்முதலாகத் தனியாக ஜவ்வாது மலையில் புளிய மரங்களைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். மாசி பிறந்ததும் மலையேறி, ஒரு சின்ன ஊரில் கொட்டகை போட்டுத் தங்கினோம். அவர் புளி பார்க்க, நான் சோறு பொங்க. கிளம்பும்போது என் பெட்டியைத் திறந்து பார்த்த என் மாமியார், அதாவது அத்தை, எல்லாப் புத்தகத்தையும் வெளியே எடுத்து வைத்தார்.

"வாழப் போறியா, பரீட்ச எழுதப் போறியா? ஒன்னே ஒன்னு எடுத்துக்கோ. இந்த லோடு மட்டும் ஒழுங்கா மண்டிக்கு வந்து சேரல, மீதியெல்லாம் வெந்நீ அடுப்புக்குத்தான்."

அத்தை சொன்னால் செய்வார். ஒரே ஒரு புத்தகம் என்றால் எதை எடுப்பது? தாலி கட்டிக்கொள்ள நான் இவ்வளவு யோசிக்கவில்லை. கடைசியில் கோமதி கதையை எடுத்தேன். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை என் அக்கா வாராவாரம் கிழித்துச் சேர்த்து, அட்டை போட்டுத் தைத்துவைத்தது. நடுநடுவே தைல விளம்பரமும் வரும். எனக்கு அந்த விளம்பரமும் மனப்பாடம்.

மலையில் புளி தட்டுவது பெண்கள் வேலை. ஓட்டை உடைத்து, நாரை உரித்து, சின்ன இரும்புக் கட்டையால் தட்டிக் கொட்டையை எடுக்க வேண்டும். கை ஓயாது, வாய் சும்மா இருக்கும். ஒருநாள் நான் ஓரமாக உட்கார்ந்து படித்துத் தனியாகச் சிரிப்பதைப் பார்த்த பச்சையம்மா, "இன்னாம்மா அது, நீ மட்டும் சிரிச்சிக்கினு கீறே? எங்களுக்கும் சொல்லு" என்றாள். புளி தட்டுகிற கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. அவள் கட்டை நின்றால் எல்லார் கட்டையும் நிற்கும்.

அன்றிலிருந்து நான் சத்தமாகப் படிக்க, அவர்கள் தட்டினார்கள். கதை சூடு பிடித்தால் கட்டையும் வேகம் பிடித்தது. வீட்டுக்காரர் பூரித்துப்போனார். கோமதியைப் புகுந்த வீட்டில் துரத்திவிடுகிற இடம் வந்தபோது பச்சையம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தாய் வூடு இல்லன்னா இன்னா? நாங்க இல்லியா? இனிமே அவ எங்க ஊரு பொண்ணு" என்று அறிவித்தாள். மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். நான் கதை தெரிந்தவள் அல்லவா, உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

கடைசி நாள் வந்தது. சாயங்காலம் லாரி. பாதிப் புளி இன்னும் தட்டாமல் கிடந்தது. மேற்கே மேகம் வேறு திரண்டுகொண்டிருந்தது. மழை விழுந்தால் புளி கறுத்துப்போகும், மண்டியில் எவனும் தொடமாட்டான்.

"இன்னிக்கி முடிவப் படிக்காத. லோடு ஏறட்டும்" என்று வீட்டுக்காரர் கெஞ்சினார்.

"முடிவைக் கேட்டா இன்னும் வேகமா தட்டுவாங்க, நீங்க பாருங்க" என்றேன். (எவ்வளவு பெரிய அறிவாளி!)

கோமதியின் சாவை நான் சும்மா படிக்கவில்லை. நடித்தேன். குரலைத் தழுதழுக்க வைத்தேன், இருமினேன். "கோமதியின் கை மெல்லச் சரிந்தது" என்ற இடத்தில் என் கையையும் சரியவிட்டேன். பாராட்டை எதிர்பார்த்து நிமிர்ந்தேன். ஒரு கட்டைகூட அசையவில்லை.

பச்சையம்மா கட்டையைக் கீழே வைத்தாள். "போய்ட்டாளா?"

"கதைதானே அக்கா..."

"ஊருல சாவு வுழுந்தா அன்னிக்கி ஒருத்தரும் வேல தொடமாட்டோம். தெரியுமில்ல?"

அந்த ஊர் வழக்கம் அது. யார் வீட்டுச் சாவானாலும் ஏர் நிற்கும், உலக்கை நிற்கும். கோமதியோ ஊரே தத்தெடுத்த பெண். பச்சையம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு முதல் ஒப்பாரியை எடுத்தாள். மற்றவர்கள் ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு சேர்ந்துகொண்டார்கள். வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் என் புத்தகங்கள் எல்லாம் வெந்நீர் அடுப்பில் எரிவது தெரிந்தது.

லாரி நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. அதில் சொல்லாமல் கொள்ளாமல் அத்தையும் வந்திருந்தார், மகனின் முதல் லோடைக் கண்ணால் பார்க்க. அவர் பார்த்தது என்ன? மகன் தங்கியிருக்கிற கொட்டகை வாசலில் ஊர்ப்பெண்கள் கூடி மாரடித்து அழுகிறார்கள், நடுவில் மருமகள் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாள்.

லாரி நிற்கவில்லை, அத்தை குதித்துவிட்டார். "ஐயோ எம்புள்ளே! ராசா! என்னை வுட்டுட்டுப் போய்ட்டியா!" என்று நெஞ்சில் அறைந்துகொண்டு ஓடிவந்து மண்ணில் விழுந்தார். துக்கத்துக்கு வந்தவரை விடலாமா? பச்சையம்மா அவரையும் கட்டிக்கொண்டு இன்னும் உரக்க அழுதாள்.

சத்தம் கேட்டுக் கொட்டகைக்குள்ளிருந்து ராசா வெளியே வந்தார், கையில் சாக்கோடு. "இன்னாம்மா, எப்ப வந்தே?"

அத்தை மகனைத் தலை முதல் கால்வரை தடவிப் பார்த்தார். பிறகு, "அப்ப செத்தது யாரு?" என்றார்.

"கோமதி" என்றாள் பச்சையம்மா மூக்கைச் சிந்தி.

"எந்த வூட்டுக் கோமதி?"

எல்லாரும் என் மடியிலிருந்த புத்தகத்தைக் காட்டினார்கள். அத்தையின் முகம் போன போக்கை எழுத எனக்குத் திராணி இல்லை. அடுப்புக்கு மலையிலேயே விறகு கிடைக்குமே, என் புத்தகங்களை விட்டுவிடக் கூடாதா என்று நினைத்தேன். ஆனால் பிள்ளை செத்துப் பிழைத்த நிம்மதியோ என்னவோ, அத்தை மண்ணைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்து, "அப்பிடி இன்னாத்துக்குடி செத்தா அவ?" என்றார்.

எனக்கு வாழ்நாளில் வந்த ஒரே நல்ல யோசனை அப்போதுதான் வந்தது. முதல் பக்கத்தைத் திருப்பினேன். "கோமதி கிணற்றடியில் சிரித்துக்கொண்டு நின்றாள்" என்று படித்தேன்.

பச்சையம்மா அழுகையை நிறுத்தினாள். "நிக்கிறாளா?"

"நிக்கிறா அக்கா. பாவாடைய எடுத்துச் செருகிக்கினு தண்ணி எறைக்கிறா."

"உசுரோட?"

"உசுரோடதான்."

பச்சையம்மா மேகத்தைப் பார்த்தாள், மற்ற பெண்களைப் பார்த்தாள். "அவளே வேல செய்யறா, நமக்கு இன்னா? எடுங்கடி கட்டைய!"

கோமதி பிழைத்தது மட்டுமல்ல, இந்தத் தடவை அவர்களுக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியும். "இப்பப் பாருங்க பெரிம்மா, அந்தாளு வாளிய கெணத்துல வுட்டுடுவான்" என்று அத்தைக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். "கல்யாணத்த இன்னோரு வாட்டி படி", "அந்த நாத்தனா மூக்கறுபடற எடத்துக்கு வா" என்று ஆளாளுக்குக் கேட்டு வாங்கினார்கள். தைல விளம்பரத்தைக்கூட விடவில்லை. நான் வருஷக்கணக்காக ஒருத்தருக்கும் விளக்கிச் சொல்ல முடியாத ருசி, அந்தப் புளி மேட்டில் ஊருக்கே பிடிபட்டுவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அத்தைகூடத் தன்னை அறியாமல் ஒரு கட்டையை எடுத்துத் தட்டிக்கொண்டிருந்தார். கடைசி மூட்டை லாரியில் ஏறித் தார்ப்பாய் கட்டிய பிறகுதான் முதல் தூறல் விழுந்தது.

துரத்திவிடுகிற இடம் வருவதற்குள் வேலை முடிந்துவிட்டதால் அன்றைக்குக் கோமதி தப்பித்தாள். அத்தைக்கு அது போதவில்லை. மூட்டை தைக்கிற கோணி ஊசியை வாங்கி, சணலைக் கோத்து, கடைசி அத்தியாயத்தை நாலு பக்கமும் சேர்த்து இழுத்துத் தைத்தார். "இனிமே அவ எப்பிடிச் சாவறான்னு நானும் பாக்கறேன்!" வீடு திரும்பியதும் என் புத்தகங்களுக்கு ஓர் அலமாரியே காலியானது. அடுத்த மாசிக்கு எதை எடுத்துப்போவது என்று ஆடியிலேயே என்னோடு சண்டை போட ஆரம்பித்துவிட்டார்.

அத்தை காலமாகி வெகுநாளாகிறது. புத்தகம் இருக்கிறது, சணல் தையலோடு. போன மாதம் என் பேத்தி கத்தரிக்கோலோடு வந்து, "நூலை வெட்டட்டுமா?" என்று கேட்டாள்.

சாய்வு நாற்காலியிலிருந்து வீட்டுக்காரர் பதறி எழுந்தார். "வாணாம் கண்ணு! போன வாட்டி அவ செத்தப்ப எனக்குதான் மாரடிச்சாங்க."