கண்ணாடிக்காரரின் கம்பெனி செட்டிங்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, காபி டம்ளரைக் கீழே வைத்த கையோடு கண்ணாடிக்காரர் ஓர் அறிவிப்பு செய்தார்.

"இன்னியிலிருந்து நான் நானா வாழப் போறேன்."

அவர் மனைவி நிமிரவில்லை. சாப்பாட்டு மேசையில் ஒரு செல்போனை மல்லாக்கப் போட்டு, வயிற்றைத் திறந்து வைத்திருந்தாள். கண்ணில் பூதக்கண்ணாடி, பல்லிடுக்கில் ஒரு குட்டித் திருப்புளி. அதை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"இவ்வளவு நாள் யாரா வாழ்ந்தீங்க?"

 இந்தக் கேள்விக்கு அவர் படித்த புத்தகத்தில் பதில் இல்லை.

புத்தகம் என்றால் லேசுப்பட்ட புத்தகம் அல்ல. அட்டையில் ஒருவர் மலையுச்சியில் நின்று இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டிருந்தார். பின்னட்டையில் அதே ஆசாமி கீழே இறங்கி வந்து எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். வேஷம் போடாமல், பொய் சொல்லாமல், உன் உள்மனம் சொல்வதைக் கேட்டு வாழ். வாழ்க்கை இனிக்கும் என்பது சாரம். மூக்குக்கண்ணாடிக் கடையில் விற்பனையாளராக இருக்கும் மனிதர் இதைப் படித்தால் தலை சுற்றுமா சுற்றாதா? காலையில் கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறங்கும்வரை அவர் பேசுவதெல்லாம் ஒரே வசனம்தான்: "சார், இந்த ஃப்ரேம் உங்களுக்காகவே செஞ்ச மாதிரி இருக்கு!"

மறுநாளே கடையில் உண்மையாக வாழ ஆரம்பித்தார். பூசணி முகத்துக்காரர் ஒருவர் ஊசி மாதிரி ஒரு ஃப்ரேமை மாட்டிக்கொண்டு, "எப்படி இருக்கு?" என்றார்.

"கண்ணாடி பிரமாதம் சார். முகம்தான் கொஞ்சம் ஒத்துழைக்கல."

வந்தவர் ஃப்ரேமைக் கழற்றி வைத்துவிட்டு எதிர்க் கடைக்குப் போய்விட்டார். முதலாளி கண்ணாடிக்காரரைத் தனியாக அழைத்தார்.

"தம்பி, உண்மையா வாழணும்னா வீட்டுல வாழுங்க. இங்கே வியாபாரம் நடக்கணும்."

நியாயமான பேச்சு. ஆகவே கண்ணாடிக்காரர் தன் உண்மை முழுவதையும் மூட்டை கட்டி வீட்டுக்கு எடுத்து வந்தார்.

வீட்டில் அவர் உள்மனம் கேட்டது ஒன்றே ஒன்று. பின்னறை.

பின்னறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இத்தனை காலம் அதில் உடைந்த கட்டிலும் கதவு மூடாத பீரோவும் குடியிருந்தன. போன மாதம்தான் இரண்டும் ஒழிந்தன. அறை காலியான அன்றே மனைவி அதன்மேல் கண் வைத்துவிட்டாள். காரணம் இருந்தது. அந்தக் கட்டடம் முழுக்க அவளுக்குப் 'போன் டாக்டர்' என்று பெயர். விழுந்த போன், நனைந்த போன், பேச மறுத்த போன் எல்லாம் அவளிடம்தான் வரும். ஆனால் சிகிச்சையெல்லாம் சாப்பாட்டு மேசையில். இந்தப் பக்கம் சாப்பாடு, அந்தப் பக்கம் ஆபரேஷன். ஒருநாள் கண்ணாடிக்காரர் வாயில் ஏதோ கடுக்கென்றது. "முழுங்கிடாதீங்க, அது கஸ்டமரோடது!" என்று அலறினாள். புருஷன் பல்லைப் பற்றி அன்றைக்கு யாரும் கவலைப்படவில்லை.

"அந்த ரூம் எனக்கு வேணும்," என்றார் கண்ணாடிக்காரர் அன்று மாலை. "நான் அடிப்படையில தனிமை விரும்பி. கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்து என்னை நானே பார்க்கணும்."

"அதுக்குக் குளியலறைக் கண்ணாடி போதாதா?"

"நான் உள்ளே இருக்கிற என்னைச் சொல்றேன்! புத்தகத்துலயே போட்டிருக்கு. ஒவ்வொரு மனுஷனுக்கும் தனக்குன்னு ஓர் இடம் வேணும்."

"அப்ப என் மேசை?"

"உன் உள்மனசைக் கேளு."

அவள் கையை நீட்டி, "அந்தப் புத்தகத்தைக் கொடுங்க. இந்தப் போன்ல பசை காயற வரைக்கும் படிக்கிறேன்," என்றாள். கண்ணாடிக்காரருக்குப் பெருமை பிடிபடவில்லை. மனைவியையும் நல்வழிப்படுத்திவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கப் போனார்.

அவர் புத்தகம் படிக்கும் விதம் தனி. தனக்குச் சாதகமான பக்கமாகப் பார்த்துப் படிப்பார், மற்றதைப் புரட்டுவார். அவளோ போனைப் பழுது பார்க்கிறவள். எந்தக் குட்டித் திருகையும் விட்டுவைக்காமல் பிரித்துப் பார்ப்பது கைப்பழக்கம். மறுநாள் மாலை அவர் வீடு திரும்பியதும் புத்தகத்தோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். முகத்தில் அப்படி ஒரு பணிவு. கல்யாணமான புதிதில்கூட அவர் அதைப் பார்த்ததில்லை.

"என்னங்க, அருமையான புத்தகம். ரூம் உங்களுக்குத்தான்."

"அப்படிச் சொல்லு!"

"ஆனா ஒரு அத்தியாயம் விட்டுட்டீங்க போலிருக்கே. உண்மையான நீங்க யாருன்னு தெரியணும்னா, சின்ன வயசுல உங்களைப் பார்த்தவங்ககிட்ட கேக்கணுமாம். வேஷம் போடக் கத்துக்கறதுக்கு முன்னாடி எப்படி இருந்தீங்களோ, அதுதான் நீங்களாம்."

"அது... ஆமா, இருக்கு," என்றார், இல்லாத ஞாபகத்தோடு.

"எனக்கு உடனே புரிஞ்சுபோச்சு. போன்லயும் இதேதானே? கண்டதையும் ஏத்தி வெச்சுத் தடுமாறுச்சுன்னா எல்லாத்தையும் அழிச்சு, கம்பெனி செட்டிங்குக்குக் கொண்டுபோயிடுவேன். உங்களுக்குக் கம்பெனி யாரு? அத்தைதானே?"

அவர் யோசிப்பதற்குள் போனில் அவள் மாமியார் இருந்தாள், ஸ்பீக்கரில்.

"அத்தை, இவரு சின்ன வயசுல எப்படி? தனியா உட்கார்ந்து யோசிப்பாரா?"

"யாரு, இவனா?" அம்மா சிரித்த சிரிப்பில் போன் மேசைமேல் நகர்ந்தது. "தனியா விட்டா வீல்னு கத்துவான். குளிக்கப் போனாக்கூட வெளியில யாராவது நின்னு பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருக்கணும்."

"அம்மா!"

"என்னடா அம்மா? நடந்ததைத்தானே சொல்றேன்."

"வேற என்ன அத்தை பிடிக்கும்?"

"பாத்திரம் தேய்க்கிறதுன்னா உசுரு. கையிலிருந்து நாரைப் பிடுங்கினா தரையில உருண்டு உருண்டு அழுவான்."

"நானா?" என்றார் கண்ணாடிக்காரர், ஈனசுரத்தில். "அம்மாவுக்கு வயசாயிடுச்சு. அக்காவைக் கேளு. அக்கா எப்பவும் என் பக்கம்."

அக்காவையும் கூப்பிட்டார்கள். அக்கா அவர் பக்கம்தான் பேசினாள்.

"பாவம்டா தம்பி, நீ அப்ப எவ்வளவு அழகு தெரியுமா? ஒவ்வொரு டம்ளரையும் கழுவி, துடைச்சு, வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு ஒரு கண்ணை மூடிப் பார்ப்பே. கறை தெரிஞ்சா மறுபடியும் கழுவுவே."

"அப்படியா அண்ணி!" என்று மனைவி உருகினாள்.

 கடையில் ஒவ்வொரு லென்ஸையும் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பது கண்ணாடிக்காரர் தினமும் செய்கிற வேலை. இது எங்கேயிருந்து வந்தது என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. ரத்தத்தில் ஊறியது போலும்!

ஆனாலும் ஓர் ஆண்மகன் அவ்வளவு சுலபமாக அறையை விட்டுக்கொடுப்பானா?

"டெஸ்ட் பண்ணிப் பார்த்துடலாம்," என்றார்.

"தாராளமா. டெஸ்ட் பண்ணாம நானும் எந்தப் போனையும் திருப்பிக் கொடுக்க மாட்டேன்."

அடுத்த ஞாயிறு மதியம் பின்னறை அவருக்காகத் தயாரானது. பெருக்கித் துடைத்து, ஜன்னலோரம் நாற்காலி போட்டு, குடிக்கத் தண்ணீர்கூட வைத்திருந்தாள். அவர் உள்ளே போய் உட்கார்ந்தார். கதவைச் சாத்தினாள். அமைதியென்றால் அப்படி ஓர் அமைதி. தன்னைத் தானே பார்க்க ஆரம்பித்தார். பார்த்து முடித்துவிட்டார். அதற்குமேல் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

அப்போது ஹாலில் பேச்சுக் குரல் கேட்டது. மேல்மாடி டீச்சர். எதைச் சொன்னாலும் நடித்துக் காட்டிச் சொல்லுகிற பெண்மணி.

"...மீன் தொட்டிக்குள்ள விழுந்துடுச்சு போன் டாக்டர்! விழுந்தது விழுந்துச்சு, உள்ளே போயும் ரிங் அடிக்குது. மீனெல்லாம் சுத்தி வந்து நின்னு பார்க்குது!"

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணாடிக்காரர் காதை ஜன்னல் பக்கம் திருப்பினார். அது தானாகக் கதவுப் பக்கம் திரும்பியது. எழுந்து வெளியே வந்தார்.

"தண்ணி குடிக்க வந்தேன்."

"உள்ளேயே வெச்சிருக்கேனே."

"இது கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கும்."

உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்து ஃபேன் சுவிட்ச் எது என்று கேட்டார், ஏதோ நேற்றுதான் அந்த வீட்டுக்குக் குடிவந்தவர் மாதிரி. பிறகு கதவை ஒரு விரல்கடை திறந்து வைத்தார், காற்றுக்காக. பிறகு நாற்காலியைக் கதவருகே இழுத்தார், வெளிச்சத்துக்காக. டீச்சரோ, முக்கியமான கட்டத்துக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திவிட்டாள். கண்ணாடிக்காரரால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. தலையை வெளியே நீட்டி, "டீச்சர், அப்புறம் யாருதான் போனை எடுத்தாங்க?" என்றார்.

"வாங்கண்ணே, வாங்க! என் வீட்டுக்காரர்தான் சட்டைக் கையை மடக்காம அப்படியே..."

மீதிக் கதையை அவர் சமையலறையில் நின்றபடி கேட்டார். ஹாலில் உட்கார மனைவிதான் இடம் வைக்கவில்லையே, நாற்காலிகளிலெல்லாம் போன் உறுப்புகள். சமையலறையில் நின்றால் ஹால் முழுக்கத் தெரியும். கழுவுதொட்டியில் மதியப் பாத்திரம் குவிந்திருந்தது. சும்மா நிற்கிற கை தானாக நாரைத் தேடியது. முதல் டம்ளரைக் கழுவினார். துடைத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடினார். பளிச்சென்று மின்னியது. உள்ளுக்குள் ஏதோ ஒன்று, இத்தனை வருஷமாக அடைத்துக்கொண்டிருந்தது, பட்டென்று திறந்துகொண்டது.

சந்தோஷமாக இருந்தது. வேறு எப்படிச் சொல்வது? முழங்கை வரை நுரை, காதுக்கு டீச்சரின் கதை, நடுநடுவே தானும் ஒரு வார்த்தை. மனிதர் பாட ஆரம்பித்துவிட்டார்.

மாலையே மேசை பின்னறைக்குப் போனது. அவரே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார். அன்றிலிருந்து அவள் அறைக்குள் நிம்மதியாகப் போன்களைப் பிரித்து மேய்ந்தாள். வந்தவர்கள் ஹாலில் காத்திருக்க, பாத்திரம் தேய்த்தபடி அவர்களுக்குப் பேச்சுத்துணை கொடுத்தார் கண்ணாடிக்காரர். வந்த கூட்டம் அவருக்காகவே மேலும் வந்தது. கடையில், படிக்கிற கண்ணாடி வாங்குகிறவர்களிடமெல்லாம், "முதல்ல இந்தப் புத்தகத்தைப் படிங்க சார், உங்களை நீங்களே கண்டுபிடிச்சிடுவீங்க," என்று சிபாரிசு செய்தார். அதில் பொய்யே இல்லாததால் முதலாளிக்கும் ஆட்சேபணையில்லை.

நன்றி மறக்காத மனிதர் அவர். ஒரு சாயங்காலம், ஹாலில் இருந்த டீச்சரிடம் சொல்லிக்கொண்டிருந்த கதையைப் பாதியில் நிறுத்தி, குக்கரைத் தொட்டியில் ஊறப் போட்டுவிட்டு, தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டார்.

"அம்மா, நீ மட்டும் அன்னிக்கு உண்மையைச் சொல்லலைன்னா நான் யாருன்னே எனக்குத் தெரியாமப் போயிருக்கும்."

 மறுமுனையில் அம்மா பெருமூச்சு விட்டாள்.

"இவ்வளவு நல்லவனா இருக்கியேடா... மனசு கேக்கலை. அது நீ இல்லடா."

"எது?"

"பாத்திரம் தேய்ச்சது உன் அக்கா. நீ குடிச்ச டம்ளரைக்கூட நகர்த்தி வெச்சதில்லை. உன் பொண்டாட்டி அன்னிக்கு மத்தியானமே கூப்பிட்டு என்ன சொல்லணும்னு எங்க ரெண்டு பேருக்கும் சொல்லிக் கொடுத்துட்டா. பாவம், அவளும் எவ்வளவு நாள் சாப்பாட்டு மேசையில வேலை செய்வா?"

கண்ணாடிக்காரர் கையைப் பார்த்தார். கையெல்லாம் நுரை. அதே நுரையோடு விறுவிறுவென்று நடந்து பின்னறைக் கதவைத் தள்ளினார்.

"அம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க!"

அவள் பூதக்கண்ணாடியோடு நிமிர்ந்தாள். அதற்குள் தெரிந்த ஒற்றைக் கண் கோலிக்குண்டு அளவுக்கு இருந்தது. கொஞ்சங்கூடக் கலங்கவில்லை.

"சொல்லிட்டாங்களா? சரி. இந்த நாற்காலியில வந்து உட்காருங்க, ரூமைக் காலி பண்றேன். ஆனா முதல்ல ஒண்ணு சொல்லுங்க. வேஷம் வேணாம், பொய் வேணாம். இந்த நிமிஷம் உங்களுக்கு உண்மையா என்ன செய்யணும்னு தோணுது?"

கண்ணாடிக்காரர் கோபமாக வாயைத் திறந்தார். ஹாலில் காத்திருந்த டீச்சர், "அண்ணே, சீக்கிரம் வாங்க, பாதியில விட்டுட்டுப் போயிட்டீங்களே!" என்று குரல் கொடுத்தாள். அவர் நாற்காலியைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். தன் உள்மனத்தை ஒருமுறை நேர்மையாகக் கேட்டார்.

"குக்கர் ஊறிக்கிட்டிருக்கு," என்றார், மெல்ல.

"அப்ப போகும்போது கதவைச் சாத்திட்டுப் போங்க," என்றாள் அவள். "எனக்குக் கொஞ்சம் தனிமை வேணும்."