மாடியில் யப்பான் திருவிழா

யப்பானிலிருந்து வரவழைத்த வாணப்பெட்டி நனைந்து கிடந்தது. மொட்டைமாடியைக் கழுவியவள் செலஸ்ரீனாதான். விருந்தாளி பொழுதுபட வந்துவிடுவார்.

மன்னாரிலிருந்து இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்தவள், பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்தில் ஒரு சிஞ்ஞோரா, அதாவது பணக்காரச் சீமாட்டி, வீட்டில் வேலை செய்தாள். 1996 ஜூலை அது. சிஞ்ஞோராவின் கணவர் எலுமிச்சைச் சாறு விற்கும் ஒப்பந்தத்தில் ஒரு யப்பான்காரரின் கையெழுத்துக்காகக் காத்திருந்தார். அவரைக் குளிர்விக்க, அவருடைய நாட்டுக் கோடைகால வாணத் திருவிழாவையே மாடியில் நடத்தச் சிஞ்ஞோரா ஏற்பாடு செய்திருந்தாள். பருத்திக் கிமோனோ, பச்சைத்தோல் வத்தகப்பழம், கையில் பிடித்துக் கொளுத்தும் மெல்லிய வாணக்குச்சிகள். எல்லாம் நல்லபடி முடிந்தால் செலஸ்ரீனாவின் தம்பி பேனாட்டுக்குத் தோட்டத்தில் வேலை என்றும் சொல்லியிருந்தாள்.

செலஸ்ரீனா குச்சிகளை வெயிலில் விரித்தாள். ஒன்றைப் பற்றவைத்துப் பார்த்தாள், புகைந்து அணைந்தது. மிச்சத்தைக் காயவைக்க ஓவனுக்குள் வைத்தாள். சீறல் கேட்டு ஓடிப்போய்த் திறந்தபோது கரிதான் மிஞ்சியிருந்தது.

தம்பிக்குப் போன் அடித்தாள். அவன் பிரான்காச்சோப் பக்கத்துக் கடையொன்றில் வாங்கிய ஒரு கட்டு வாணக்குச்சியோடு பஸ்ஸில் வந்து இறங்கினான்.

"இது சத்தமே போடாதாம், அக்கா."

"ஆர் சொன்னது?"

"வித்தவன்."

வேறு வழியில்லை. பழைய பெட்டியைத் துடைத்து, அதற்குள் அடுக்கினாள்.

யப்பான்காரர் வந்தார். கிமோனோவில் விறைத்துப்போய் உட்கார்ந்தார். சிஞ்ஞோரா முதல் குச்சியை நீட்டியதும் அதையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். தலைகுனிந்து வணங்கி, கையை எட்ட நீட்டிக் கொளுத்தினார். செலஸ்ரீனா தன் ஊர் மடுமாதாவைக் கூப்பிட்டு வேண்டினாள்.

பொன் பொறிகள் மெல்ல உதிர்ந்தன. அவளுக்கு மூச்சு வந்தது.

பிறகு குச்சி வெடித்தது. நெருப்பு சீறிப் பறந்து பந்தல் துணியில் பிடித்தது. வத்தகப்பழம் உருண்டது. யப்பான்காரரைக் காணவில்லை, மேசைக்கு அடியில் இருந்தார்.

செலஸ்ரீனா வாளித் தண்ணீரைத் துணியில் வீசி அணைத்தாள். சிஞ்ஞோரா அவள் காதருகே, நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம் என்றாள். தம்பியின் வேலையோடு தன் வேலையும் போயிற்று என்று செலஸ்ரீனா வெறும் வாளியைக் கீழே வைத்தாள்.

விருந்தாளியின் காரோட்டி, யாழ்ப்பாணத்து யோசேப், மேசைக்கடியில் குனிந்து ஆங்கிலத்தில் ஏதோ கதைத்தான். நிமிர்ந்து வந்து செலஸ்ரீனாவிடம் சொன்னான்:

"ஆளுக்குச் சின்னனிலையிருந்தே வாணமெண்டால் பயமாம், அந்தத் திருவிழாவுக்குத் தப்பத்தான் வருஷா வருஷம் ஜூலையிலை வெளிநாடு ஓடி வாறவராம், இனி ஒண்டும் கொளுத்தமாட்டம் எண்டால் மேசைக்குக் கீழையே கையெழுத்து வைக்கிறாராம்."