பரமசிவம் புதைத்த நாலு பானை

இந்தக் கோடைக்கும் தாராபுரம் போவதில்லை என்று பரமசிவம் முடிவெடுத்துவிட்டார். தலையே போனாலும் சரி.

தாராபுரத்தில் அவருடைய சகலை இருக்கிறார். நல்ல மனிதர்தான். ஆனால் விடிகாலை நாலரைக்கு எழுப்புவார். நாலு மைல் நடக்கவைப்பார். திரும்பி வந்ததும் பாகற்காய்ச் சாற்றைக் கையில் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பார். ஆறு வருஷமாகப் பரமசிவம் அதிலிருந்து தப்பித்தது குவார்ட்டர்ஸ் தோட்டத்துக் கத்திரிச் செடிகளின் புண்ணியம்.

"நானும் வந்துட்டா செடிக்கு யாரு விஜயா தண்ணி ஊத்துவா?" என்பார். மனைவி விஜயகுமாரி தனியாக பஸ் ஏறுவாள்.

இந்த வருஷம் அவள் நாலு சின்ன மண்பானைகளோடு வந்து நின்றாள். கூடவே பக்கத்து வீட்டுப் பொற்கொடி.

"இதுல இன்னாண்ணே வித்தை? செடிப் பக்கத்துல கழுத்து வரைக்கும் பொதைச்சி, தண்ணிய ரொப்பி மூடிட்டா முடிஞ்சிது. பானை கசிஞ்சிகினே இருக்கும், வேரு குடிச்சிகினே இருக்கும். எங்க வூட்ல ஒரு வாரம் தாங்குது. சேத்தியாத்தோப்பு சந்தையில அடிமாட்டு வெலைக்கு அள்ளியாந்தேன்."

"ஒரு வாரம்!" என்றாள் விஜயகுமாரி. "தாராபுரத்துக்கு அது போதும்லங்க?"

பரமசிவம் ஒவ்வொரு பானையாகத் தட்டிப் பார்த்தார். ஒன்றிலும் விரிசல் இல்லை.

ஆனால் மனிதர் லேசுப்பட்டவரா? சுரங்கத்தில் பம்ப் செக்‌ஷன். இருபத்தாறு வருஷமாகக் கசிகிற பைப்பையெல்லாம் அடைத்த கை. இந்தப் பானை எம்மாத்திரம்?

"நானே புதைக்கிறேன். நீ வெயில்ல நிக்காத."

"நீங்களா?" அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு விருத்தாசலம் கோயிலுக்குக் கிளம்பிப் போனாள்.

கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்த பச்சைப் பெயிண்டை எடுத்தார். கழுத்துக்குக் கீழே, வெளிப்பக்கம் முழுக்க இரண்டு கோட்டிங். சித்திரை வெயில் காயவைத்துக் கொடுத்தது. புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடினார். மண்ணுக்குள் போனபின் யார் பார்க்கப் போகிறார்கள்? செடி நாலு நாள் வாடினால் போதும், பயணம் ரத்து. பாவம், அப்புறம் பக்கெட்டில் ஊற்றிப் பிழைக்கவைத்துக்கொள்ளலாம்.

மறுநாள் திங்கட்கிழமை, ஷிப்டுக்குக் கிளம்புமுன் மூடியைத் தூக்கிப் பார்த்தார். தண்ணீர் துளிகூட இறங்கவில்லை. விசிலடித்துக்கொண்டே போனார்.

செவ்வாய்க்கிழமை காலை நாலு விரல் இறங்கியிருந்தது. புதன்கிழமை பாதிப் பானை. வியாழக்கிழமை கத்திரி பூ விட்டது.

"இது எப்படிக் கசியுது?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டார்.

"ஏன், கசியக் கூடாதா?" விஜயகுமாரி பின்னால் நின்றிருந்தாள்.

"இல்ல, நான் ஒழுங்காத்தானே அடை... புதைச்சேன்?"

"ஒழுங்காத்தான் அடைச்சீங்க. அன்னைக்கு சாப்பிடறப்பவே உங்க முழங்கையில பச்சைப் பெயிண்டைப் பார்த்துட்டேன். திங்கக்கிழமை நீங்க ஷிப்டுக்குப் போனதும், நானும் பொற்கொடியும் அதைத் தோண்டி எடுத்துட்டு, அவ வீட்டுல மிச்சமிருந்த வேற நாலு பானையைப் புதைச்சோம்."

பரமசிவத்துக்கு மானம் போனதுகூடப் பெரிதில்லை. ஆறு வருஷச் சாக்கு போய்விட்டது.

"அப்ப... என் பானைங்க?"

"மாவடு போட்டிருக்கேன். சொட்டு உப்புத்தண்ணி வெளிய வரலைங்க, என்ன கைவேலை! நாலும் அக்காவுக்குத்தான். நாளைக்கு பஸ்ல மடியில வெச்சுக்கிட்டு, தாராபுரம் வர்ற வரைக்கும் ஆடாம அசையாம உட்காருங்க."