மூன்று துறையும் ஒரு லேகிய ஜாடியும்

"அபின்," என்றார் சுங்க அதிகாரி.

"லேகியம்," என்றார் சபாபதி, ஐந்தாவது தடவையாக.

தஞ்சோங் கெலாடித் துறையில் கப்பல் நின்றிருந்தது. சிங்கப்பூரில் கிளம்பி ஜொகூர்க் கரையோரமாக மூன்று துறைகளைத் தொட்டுப் போகும் சின்னக் கப்பல் அது. துறைக்குத் துறை பயணிகள் இறங்கி மூட்டையைப் பிரித்துக் காட்டியாக வேண்டும். சபாபதியின் மூட்டையில் இருந்தவை நாலு வேட்டி, ஒரு குடை, ஒரு கரண்டி, ஒரு பீங்கான் ஜாடி. ஜாடிக்குள் கறுப்பாக, பிசுபிசுவென்று, அச்சு அசலாக அபின் போலவே ஒரு வஸ்து.

அது அவர் மனைவி தனலெட்சுமி நாலு நாள் அடுப்படியில் வெந்து கிண்டிய பிரசவ லேகியம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடந்திருக்க வேண்டும். மழை வெள்ளம் பாதையை அடித்துக்கொண்டு போனதால் மகள் சந்திரமதியை ஜொகூர் பாருவுக்கு அழைத்துவர முடியவில்லை. மாப்பிள்ளை வேலை பார்க்கும் தோட்டத்திலேயே பிள்ளை பிறந்துவிட்டது. தனலெட்சுமிக்கோ காலில் சுளுக்கு. ஆகவே, அன்னாசிப்பழத் தொழிற்சாலையில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த சபாபதி லீவு போட்டுவிட்டுத் தனியாகச் சிங்கப்பூருக்குப் போய்க் கப்பல் ஏறினார்.

"அங்க சம்பந்தியம்மா இருக்காங்க. பொண்ணு வீட்டுலேர்ந்து என்ன வந்துச்சுன்னு கேக்கறதுக்குன்னே உக்காந்திருப்பாங்க. ஜாடி நெறைய நெறையப் போய்ச் சேரணும். ஒரு விரக்கடை கொறஞ்சுச்சுன்னு கேள்விப்பட்டேன், நீங்க அந்தக் கப்பல்லயே குடித்தனம் நடத்திக்குங்க!" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

அதுமுதல் சபாபதிக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்காருவார், எழுந்திருப்பார், ஜாடியைத் தொட்டுப் பார்ப்பார், மூடியைத் திருகிப் பார்ப்பார். இப்போது அந்த மூடிமேல் ஓர் அதிகாரியின் கை வேறு.

அதிகாரி தொந்தியும் தொப்பையுமான மனிதர். ஒரு கையால் வயிற்றைத் தடவிக்கொண்டே மலாயில் சொன்னார்: "அபின் இல்லேன்னு நான் எப்படி நம்பறது?"

"ஐயோ துவான், மோந்து பாருங்க! இஞ்சி, ஓமம், திப்பிலி, கருப்பட்டி, நெய். என் பொஞ்சாதி கையால கிண்டுனது. சந்தேகம்னா ஒரு வாய் சாப்பிட்டே பாருங்க!" என்று சபாபதி பதறிப்போய்க் கரண்டியை நீட்டினார்.

அதிகாரி ஒரு வாய் சாப்பிட்டார். கண்ணை மூடினார். சபாபதிக்கு உயிரே இல்லை. ஒரு நிமிஷம் கழித்து, அடிவயிற்றிலிருந்து நீளமாக ஓர் ஏப்பம் வந்தது. அதிகாரியின் முகம் தெளிந்தது.

"இன்னும் சந்தேகமா இருக்கு," என்று சொல்லி இரண்டாவது கரண்டியை அவரே எடுத்துக்கொண்டார். பிறகு மேஜைக்குப் போய் ஒரு தாளில் விறுவிறுவென்று எழுதி, முத்திரை குத்தி நீட்டினார். "அடுத்த துறையில இதக் காட்டுங்க. உங்கள நல்லா கவனிச்சுக்குவாங்க."

முத்திரை குத்திய தாள் என்றால் சபாபதிக்குத் தனி பக்தி. தொழிற்சாலையில் முத்திரை இல்லாமல் ஒரு டின்கூட வாசலைத் தாண்டாது. அவருக்கு மலாய்ப் பேச்சு தண்ணீர்பட்ட பாடு; ஆனால் அதை எழுதுகிற, வலமிருந்து இடமாக ஓடும் ஜாவி எழுத்து மட்டும் ஒன்றும் புரியாது. அதனால் என்ன? முத்திரை புரிகிறதே! தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் பத்திரப்படுத்தினார்.

சுங்கை நீப்பாத் துறையில் யாரும் கேட்பதற்கு முன்பே கடிதத்தை நீட்டினார். அங்கிருந்தவர் ஒல்லி அதிகாரி. கடிதத்தை ஒரு தரம் படித்தார். இன்னொரு தரம் படித்தார். ஜாடியைப் பார்த்தார்.

"அபினா?"

"அலமாக்! லேகியம் துவான், லேகியம்!" சபாபதி மளமளவென்று மூடியைத் திறந்தார்.

"சோதனை பண்ணணும். ஒருத்தர் பண்ணினா செல்லாது, மூணு பேர் வேணும்," என்றார் ஒல்லி அதிகாரி. உள்ளேயிருந்து இரண்டு சேவகர்கள் வந்தார்கள். கையோடு கரண்டியும் கொண்டுவந்திருந்தார்கள். சோதனை முடிந்ததும் கடிதத்தின் அடியில் இரண்டு வரி சேர்ந்தது, இன்னொரு முத்திரையும் விழுந்தது. ஜாடி பாதியாகியிருந்தது.

கப்பல் மறுபடி கிளம்பியதும் சபாபதி தலையில் கைவைத்துக்கொண்டார். பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த காளியப்பன் என்கிற பயணி இரக்கப்பட்டு யோசனை சொன்னார்.

"ஜாடியப் பார்த்தாத்தானே அண்ணே கேக்கறாங்க? வேட்டிக்குள்ள சுத்தி அடியில வச்சிருங்க. கடுதாசிய மட்டும் காட்டுங்க."

"அதுவும் சரிதான்!" சபாபதிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. நாலு வேட்டியையும் ஜாடிக்குச் சுற்றினார். அவிழ்த்துவிட்டு இன்னும் இறுக்கமாகச் சுற்றினார்.

கடைசித் துறை குவாலா செராய். கண்ணாடி போட்ட அதிகாரி கடிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஜாடி எங்கே?"

சபாபதி மூட்டையை இறுக்கி அணைத்துக்கொண்டார். "எ... எந்த ஜாடி?"

"கறுப்பு மருந்து ஜாடி."

வேட்டிகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. அதிகாரி தலையை ஆட்டினார். "ஒளிச்சு வச்சா சந்தேகம் ஜாஸ்தி. சந்தேகம் ஜாஸ்தியானா சோதனையும் ஜாஸ்தி!"

அந்தச் சோதனை வாழையிலையில் நடந்தது. சேவகர்கள், எழுத்தர், படகுக்காரர் என்று வரிசையில் வந்தார்கள். கடைசியில் அதிகாரி ஒரு பெரிய உருண்டையை இலையில் மடித்து, "இது மேல் விசாரணைக்கு, வீட்டுக்கு," என்று மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, கடிதத்தில் மூன்றாவது முத்திரையைக் குத்தினார்.

சபாபதி மாட்டுவண்டியில் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஜாடியில் மிஞ்சியது சுரண்டினால் ஒரு சுண்டைக்காயளவு.

சம்பந்தியம்மாள் பேச்சியம்மாள் ஜாடிக்குள் எட்டிப் பார்த்தாள். சாய்த்துப் பார்த்தாள். கவிழ்த்தும் பார்த்தாள்.

"வாசனை நல்லாத்தான் இருக்கு சம்பந்தி. பொண்ணுக்கு நாப்பது நாளும் இத மோந்து பாக்கக் குடுத்துரலாமா?"

சபாபதிக்கு அவமானத்தில் உடம்பு கூசியது. வெளிறிப்போய்ப் படுத்திருந்த மகளின் முகத்தைப் பார்த்தார். பெற்ற பெண்ணுக்கு ஒரு ஜாடி மருந்து கொண்டுவந்து சேர்க்க வக்கில்லையே என்று கண்ணில் நீர் முட்டியது.

"அழாதீங்கப்பா," என்றாள் சந்திரமதி. "நீங்க வந்ததே போதும்."

"நான் என்னம்மா செய்வேன்? மூணு துறையிலயும் அபின்னு சந்தேகப்பட்டுட்டாங்க!"

"அபின்னு சந்தேகப்பட்டா ஆளையில்ல பிடிச்சு வைப்பாங்க?" என்றாள் பேச்சியம்மாள். "சாமானத் தின்னுட்டு ஆள விட்டுருவாங்களா?"

"அதுக்குத்தான் என்கிட்ட இது இருந்துச்சு!" சபாபதி ரோஷத்தோடு கடிதத்தை உருவி நீட்டினார். "மொதத் துறை அதிகாரி எனக்காகக் குடுத்த கடுதாசி. மூணு முத்திரை! இது மட்டும் இல்லேன்னா இந்நேரம் நான் ஜெயில்ல இருப்பேன்!"

குழந்தையைக் குளிப்பாட்டித் துடைத்துக்கொண்டிருந்த மலாய் மருத்துவச்சி ரொக்காயா திரும்பிப் பார்த்தாள். தோட்டத்தில் முப்பது வருஷம் பிரசவம் பார்த்தவள். அவள் தமிழும் அங்கேயே பிறந்ததுதான். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கினாள். வலமிருந்து இடமாக அவள் விரல் ஓடியது. பாதியில் தோள் குலுங்க ஆரம்பித்தது.

"என்ன எழுதியிருக்கு?" என்றார் சபாபதி, பெருமையோடு.

ரொக்காயா சிரிப்பை அடக்கிக்கொண்டு படித்தாள்:

"'இது அபின் இல்ல, அருமையான மருந்து, ரெண்டு கரண்டியில என் வயித்துப் பொருமல் போயிருச்சு, நீங்களும் சாப்பிடுங்க. இவர் ரொம்ப நல்ல மனுஷர், அபினான்னு ஒரு வார்த்த கேட்டாப் போதும், அவரே மூடியத் தொறந்துருவார்.'"