மச்சான் கண் திறக்கும் வரை

கொண்டப்பநாயக்கன்பட்டி,
புதன்கிழமை காலை.

என் பாசத்துக்கும் பணிவுக்கும் என்றைக்கும் உரிய பெரிய மச்சான் சவரிமுத்து அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரன் செபஸ்தியான் எழுதிக்கொள்வது.

தேவமாதாவின் தயவால் நானும் உங்கள் தங்கை தெரசம்மாளும் இங்கே சுகம். எருமப்பட்டியில் நீங்களும் சௌந்திரமேரி அக்காவும் பண்ணையில் இருக்கும் கோழிகளும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். கோழிகளைச் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

வாட்ஸப் காலத்தில் இவன் எதற்குத் தபால் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். நீங்கள் வேறு எந்த வழியை விட்டுவைத்தீர்கள் மச்சான்? போன் அடித்தால் எடுப்பதில்லை. உங்கள் மகன் ஜூட், மாமா என்றும் பார்க்காமல், குடும்பக் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டான். நாற்பத்து மூன்று பேர் இருக்கிற அந்தக் குழுவில், எங்கிருந்தோ வந்த ரோஜாப்பூப் படத்தை மற்றவர்கள் தள்ளிவிட்டுக்கொண்டிருக்க, தானே எடுத்த படத்தோடு காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருந்த ஒரே ஆள் நான்தான். எங்கள் வீட்டுப் பப்பாளி மரத்தை மட்டும் இருநூறு கோணத்தில் அனுப்பியிருக்கிறேன். போகட்டும். தபால்காரரை நீக்க ஜூட்டால் முடியாது. உங்களுக்குக் கண்ணாடி போட்டாலும் சின்ன எழுத்து தெரியாது, அக்காதான் சத்தமாகப் படித்துக் காட்டுவார்கள் என்பதும் தெரியும். ஆகையால் இது இருவருக்குமான கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த ஞாயிறு உங்கள் திருமணப் பொன்விழாப் பூசை. போன வாரம் நீங்கள் கடைசியாக என்னிடம் பேசியது இதுதான்: "ஜூபிலிக்கு வாங்க மாப்பிள்ளை, வயிறு நெறையச் சாப்புடுங்க. அந்தப் பொட்டிய மட்டும் ஊட்டுலயே வெச்சுட்டு வாங்க." பெட்டி என்று நீங்கள் சொன்னது என் கேமராவை. சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். அரை மணி நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தெரசா காபி கொண்டுவந்து வைத்தது ஆறி ஆடை கட்டிவிட்டது. எனக்கு வருத்தம்தான் மச்சான், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் வருத்தப்பட்டு மூலையில் உட்காருகிற ஆள் நானில்லை.

நடந்ததை முறையாகச் சொல்லிவிடுகிறேன், யார் பக்கம் நியாயம் என்று அக்காவே தீர்ப்புச் சொல்லட்டும். முப்பத்து மூன்று வருடம் சேலத்தில் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் படம் எடுத்தவன் நான். "மூச்சை இழுங்க, அப்படியே புடிங்க, அசையாதீங்க" என்று நான் சொன்னால் அசைந்த ஆள் இல்லை. அந்தக் கண்டிப்பைத்தான் வீட்டுக் கேமராவுக்கும் கொண்டுவந்தேன். எங்கள் மகள் ஜோஸ்லினின் ஞானஸ்நானத்தில் நான் எடுத்த முதல் குடும்பப் படத்தைப் பாருங்கள், பதினேழு பேரும் தூண் மாதிரி நிற்கிறார்கள். "மூச்சு விடலாம்" என்று சொல்ல நான் மறந்துபோனதால் சின்னம்மாவுக்கு மட்டும் கொஞ்சம் கிறுகிறுத்தது, சோடா கொடுத்ததும் சரியாகிவிட்டது. படத்தில் ஒரே குறை, நீங்கள் கண்ணை மூடியிருந்தீர்கள். அடுத்தது ஜூட் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புது நன்மைப் படம், மூடியிருந்தீர்கள். புது வீட்டைச் சாமியார் வந்து மந்திரித்தபோது மூடியிருந்தீர்கள். ஜூட் கல்யாணத்தில் மூடியிருந்தீர்கள், அந்தப் படத்தைப் பார்த்த பங்குச் சாமியார் மட்டும், இவ்வளவு பக்தியான மாமனாரைப் பார்த்ததில்லை என்று சொன்னார். ஆல்பம் ஆல்பமாக எண்ணிப் பார்த்துவிட்டேன். நாற்பத்தோரு படம், நாற்பத்தொன்றிலும் மூடிய கண்.

என் கல்யாணத்தில் ஸ்டுடியோக்காரர் எடுத்த படங்களில் உங்கள் கண் திறந்திருக்கிறதே என்று தெரசா அவ்வப்போது எடுத்துக்காட்டுவாள். அப்போது உங்களுக்கு இளவயது, இமையில் வலு இருந்தது, அவ்வளவுதான். ஆதார் அட்டையில் முழித்துக்கொண்டு இருக்கிறீர்களே என்றால், ஆதார் அட்டையில் எல்லாருமே அப்படித்தான். அதையெல்லாம் கணக்கில் எடுக்க முடியாது.

இத்தனைக்கும் உங்களை நான் எடுத்த முதல் படம் அருமையாக வந்தது. ஜோஸ்லின் பிறப்பதற்கு முந்தின வருடம், இருமல் விடவில்லை என்று எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தீர்களே, நினைவிருக்கிறதா? சட்டையைக் கழற்றி, நெஞ்சைச் சில்லென்ற தகட்டில் ஒட்டி நிற்கவைத்து, மூச்சைப் பிடிக்கச் சொன்னேன். நீங்கள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, சத்தமில்லாமல் அருள்நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். விலா எலும்பு ஒவ்வொன்றும் எண்ணிவிடலாம் போல அவ்வளவு தெளிவு. நெஞ்சுப் படத்துக்குக் கண் எதற்கு?

பிறகு காலம் மாறியது, நானும் மாறினேன், அதை யாரும் குறை சொல்ல முடியாது. முன்பெல்லாம் முப்பத்தாறு படம் உள்ள ஒரு ரோல் கிறிஸ்துமஸில் போட்டால் ஈஸ்டரில்தான் முடியும். கழுவி வருகிற வரைக்கும் என்ன வந்திருக்கிறது என்று தெரியாது, தெரியாமல் இருப்பதிலேயே ஒரு பயமும் ஒரு சந்தோஷமும் இருந்தது. இப்போது ஜோஸ்லின் வாங்கிக்கொடுத்த போனில், காபி குடிப்பதற்குள் ஒரே காக்காயை அறுபது படம் எடுத்துவிடுகிறேன். எடுத்த எதையும் திரும்பிப் பார்ப்பதில்லை. எல்லாம் எங்கேயம்மா போகிறது என்று கேட்டால், மேகத்தில் இருக்கிறது அப்பா என்கிறாள். போன மாதம் அந்த மேகமும் நிரம்பிவிட்டது, இடமில்லை, எதையாவது அழி என்று போனே என்னை அதட்டியது. அறுபது காக்காயில் எந்தக் காக்காயை அழிப்பது என்று உட்கார்ந்து யோசித்தால் ஒரு பகல் போய்விடுகிறது.

அந்தப் போனில்தான் இந்த வினையும் இருந்தது. மூடிய கண்ணை விரலால் தொட்டால் திறந்துவிடும் என்று ஜோஸ்லின் காட்டினாள். நான் நம்பவில்லை. போன ஈஸ்டருக்கு எடுத்த உங்கள் இருவர் படத்தை எடுத்து, உங்கள் முகத்தின் மேல் விரலை வைத்தேன். மச்சான், திறந்தது! சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்பது வருடப் போராட்டம். கண்ணாடியைத் துடைத்து இன்னொரு முறை பார்க்கக்கூடப் பொறுமை இல்லாமல் பொன்விழா ஃபிளெக்ஸுக்கு என்று ஜூட்டுக்கு அனுப்பிவிட்டேன். அவனும் கோழித் தீவன லோடு இறக்குகிற அவசரத்தில் சரியாகப் பார்க்காமல் ஃபிளெக்ஸ் கடைக்கு அனுப்பிவிட்டான். எருமப்பட்டி பஸ் ஸ்டாப்பில் பத்தடிக்கு எட்டடி வைத்தும்விட்டார்கள்.

அந்தக் கண் உங்களுடையது இல்லை என்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது. எங்கிருந்தோ எடுத்து ஒட்டிவிட்டது அந்தப் போன். பெரிய, பளபளவென்ற, பற்பசை விளம்பரத்தில் வருகிறவர்களுக்கு இருக்கிற கண். நாமக்கல்லிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய அக்கா, தன் படத்தையும் பெயரையும் பார்த்து மகிழ்ந்து, பிறகு பக்கத்தில் பார்த்து, "இதாருங்க, எம்பக்கத்துல நிக்கறாரு?" என்று டீக்கடைக்காரரிடம் கேட்டார்களாம். அவர், "அதத்தானுங்க காலையில இருந்து நாங்களும் பேசிக்கிட்டு இருக்கறோம்" என்றாராம். ஐம்பது வருடம் கூடவே வாழ்ந்த மனுஷனுடைய பொன்விழாவில், ஜோடி யார் என்று ஊர் விசாரிக்கும்படி ஆகிவிட்டது. உங்களுக்குக் கோபம் வந்தது நியாயம்தான். நீங்களே ஏணி போட்டு ஏறி அதைக் கழற்றியதும் நியாயம். கழற்றியதைப் பண்ணைக்குக் கொண்டுபோய்த் தீவன மூட்டைக்கு மேல் மூடியது சிக்கனம். ஆனால் அந்தக் கண்ணைப் பார்த்துப் பயந்து கோழிகள் முட்டை வைப்பதைக் குறைத்துவிட்டன என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பது நியாயமில்லை மச்சான். ஃபிளெக்ஸைக் குப்புறப் போடுங்கள், முட்டை தானாக வரும்.

என் தவறை ஒப்புக்கொள்கிறேன். இல்லாத கண்ணைத் திறந்தது தவறு. அதற்காகப் பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு வர மாட்டேன். இதை நிதானமாக யோசித்துத்தான் எழுதுகிறேன். போனைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டு, என் பழைய கேமராவைத் துடைத்து எண்ணெய் போட்டிருக்கிறேன். ஜோஸ்லினை நச்சரித்து பெங்களூரிலிருந்து ஒரு ஃபிலிம் ரோல் வரவழைத்துவிட்டேன். முப்பத்தாறு படம். முப்பத்தாறில் ஒன்றிலாவது உங்கள் சொந்தக் கண் திறந்தே தீரும்.

பயிற்சியும் செய்துகொண்டுதான் வருகிறேன். பக்கத்து வீட்டுச் சுவாமிநாதனை மாடியில் நிற்கவைத்து, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, அசையக்கூடாது என்று ஒரு சத்தம் போட்டு, ஃபிலிம் போடாமலே அமுக்கிப் பார்த்தேன். அவரும் கண்ணை மூடிவிட்டார். பால் ஊற்ற வந்த ராமாத்தாளை நிறுத்தினேன், இன்னும் பலமாகச் சத்தம் போட்டேன், அந்தம்மா கண்ணை மூடியதோடு பால் செம்பையும் போட்டுவிட்டது. இந்த வியாதி உங்களுக்கு மட்டும் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. ஏற்காட்டு மலையடிவாரக் காற்றில் ஏதோ இருக்கிறது. எருமப்பட்டிக் காற்று வேறு என்பதால் அங்கேயே வந்து எடுப்பது என்று முடிவு செய்துவிட்டேன்.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று அக்கா கேட்பார்கள். சொல்லிவிடுகிறேன். முப்பத்து மூன்று வருடத்தில் ஆயிரக்கணக்கான படம் எடுத்திருக்கிறேன். டாக்டர்கள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு உறையில் போட்டுவிடுவார்கள். ஒருவர்கூட என் படத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியதில்லை, மாட்டவும் முடியாது. வீட்டில் எடுத்ததையாவது மாட்டுவீர்கள் என்று பார்த்தால், கண்ணை மூடிய படத்தை உயிரோடு இருக்கிறவர் வீட்டில் எப்படி மாட்டுவது என்று அக்காவே ஒருமுறை சொன்னார்கள். உங்கள் வீட்டு நடுக்கூடத்தில், திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே, ஒரு ஆணி வெகுநாளாகச் சும்மா இருக்கிறது. வரும்போதெல்லாம் அதைத்தான் பார்க்கிறேன். அந்த ஆணியில் நான் எடுத்த படம் ஒன்று தொங்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

ஆகவே பூசைக்கு முந்தின சனிக்கிழமை முதல் பஸ் பிடித்து நாமக்கல் வந்து, ஒன்பது மணிக்குள் உங்கள் வாசலில் நிற்பேன். கதவைச் சாத்தினால் கோழிப்பண்ணை வழியாக வருவேன். முந்தின நாள் நன்றாகத் தூங்குங்கள். கண்ணுக்கு மருந்து எதுவும் விட வேண்டாம். நான் சொல்லும்போது மூச்சைப் பிடித்தால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். ஜூட்டுக்கு, நீக்கிய பிறகும், என் ஆசீர். உங்கள் ஐம்பதாவது வருடத்தைப் போலவே அறுபதாவதையும் கண்குளிரக் காண ஆண்டவர் அருளட்டும், நீங்களும் கண்ணைத் திறந்து காணுங்கள்.

இப்படிக்கு, கொண்ட முடிவில் மாறாத,
செபஸ்தியான்.

பின்குறிப்பு: இது அக்காவுக்கு. மேலே எழுதியதை மடித்து உறையில் போட்டு, தபால் தலை ஒட்டிக்கொண்டிருக்கும்போதே, மச்சான் ஒரு அட்டை முட்டையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். தெரசாதான் எனக்குத் தெரியாமல் அண்ணனுக்குப் போன் செய்திருக்கிறாள். அவர் சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, காபியில் சர்க்கரை கம்மி என்று மட்டும் சொன்னார். நான் ஓடிப்போய்க் கேமராவை எடுத்துவந்தேன். தெரசா வாசற்படியில் மறித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, அந்தச் சத்தம் போடற வேலைய இன்னைக்கு ஒரு நாளைக்கு உடுங்க. நீங்க மூச்சப் புடிங்கன்னு கத்துனாப் போதும், எங்கண்ணனுக்கு அந்த எக்ஸ்ரே ரூம்புல சட்டையில்லாம நின்னது நெனப்பு வந்துரும். பயந்துக்கிட்டுக் கண்ண மூடிக்குது. பால்காரம்மாளே செம்பப் போட்டுட்டு ஓடறா, அப்பவுமா உங்களுக்குத் தெரியல?"

நாற்பது வருடமாகத் தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க எங்கீங்க பேச உட்டீங்க? மூச்ச இழுத்துப் புடிக்கச் சொல்லிட்டீங்களே" என்றாள்.

பிறகு என்னைக் கையைப் பிடித்து இழுத்து மச்சான் பக்கத்தில் உட்காரவைத்து, அலமாரியிலிருந்து போனை எடுத்தாள். குடும்பத்தில் எல்லாரையும் எடுத்த நான், கல்யாணத்துக்குப் பிறகு ஒரு படத்தில்கூட இல்லை என்று அவள் சொன்னபோதுதான் எனக்கே உறைத்தது. அவள் ஒரு சத்தமும் போடவில்லை. "அண்ணா, கோழி முட்ட வெக்கிதா?" என்று மட்டும் கேட்டாள். மச்சான் சிரித்தார். எடுத்துவிட்டாள்.

தெரசா அனுப்பிய படத்தை இதற்குள் நீங்கள் பார்த்திருப்பீர்கள். மச்சானின் இரண்டு கண்ணும் திறந்திருக்கின்றன, அவருடைய சொந்தக் கண், ஓரத்தில் சுருக்கத்தோடு. பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி, மூச்சைப் பிடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன்.

கண்ணைத் திறக்கட்டுமா என்று அந்தப் போன் கேட்டது. நான் விரலை வைக்கப் போனேன். மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாமுங்க மாப்பிள்ளை. அப்புறம் நீங்க யாருன்னு ஊரு கேக்கும். இப்பிடியே சட்டம் போட்டு, ஊட்டுக்கு வர்றப்பெல்லாம் நீங்க பாத்துக்கிட்டே நிப்பீங்களே, அந்த ஆணியில மாட்டிக்கறேன்" என்றார்.

பஸ் ஏறும்போது இன்னொன்றும் சொன்னார். ஜூபிலிக்குப் பெட்டியைக் கட்டாயம் எடுத்துவர வேண்டுமாம், வாயை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வர வேண்டுமாம். அப்படியே வருகிறேன், அக்கா.